கை கழுவச் சொன்ன மருத்துவர்: இக்னாஸ் செம்மல்வைஸின் வாழ்க்கையும் அது நோயாளிகளுக்குச் சொல்வதும்

மருத்துவமனைக்குச் செல்லும் நீங்கள், வார்டின் வாயிலிலும் கட்டில்களின் அருகிலும் கைகளைத் தூய்மை செய்யும் திரவம் வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நோயாளியைத் தொடுவதற்கு முன்பும் தொட்ட பின்பும் மருத்துவரும் செவிலியரும் தம் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும் என்பது இன்று எங்கும் ஏற்கப்பட்ட விதியாகும். ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு முன், இந்த விதியைத் தம் வார்டில் நடைமுறைப்படுத்தி, அதனால் உயிரிழப்பு எவ்வளவு குறைந்தது என்பதையும் கணக்கிட்டுக் காட்டினார் ஒரு மருத்துவர். அவருக்கு அதே மருத்துவமனையில் பதவி நீட்டிப்பு மறுக்கப்பட்டது. அவர் பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ்.

சிகிச்சை முறையில் உள்ள குறையைப் பல நேரங்களில் முதலில் காண்பவர் அங்கே பணிபுரியும் ஒருவரே. அவர் அதை எடுத்துச் சொல்ல முடிவதும், சொன்னபின் அது பொருட்படுத்தப்படுவதும் நோயாளியின் உயிரோடு தொடர்புடையவை. செம்மல்வைஸின் வாழ்க்கையை நோயாளியும் உடனிருப்பவரும் அறிந்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

பிறப்பும் கல்வியும்

செம்மல்வைஸ் 1818 ஜூலை 1 அன்று ஹங்கேரியின் புடா நகரில் பிறந்தார். டான்யூப் ஆற்றின் இரு கரைகளிலும் புடா, பெஸ்ட் எனத் தனித்தனி நகரங்கள் இருந்த காலம் அது. அவை இணைந்து புடாபெஸ்ட் ஆனது பின்னாளில்தான். ஹங்கேரி அப்போது ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. தந்தை மளிகை வணிகர். மகன் சட்டம் பயில வேண்டும் என்ற எண்ணத்துடன் 1837-ஆம் ஆண்டு பேரரசின் தலைநகரான வியன்னாவுக்குச் சென்றார். ஆனால் விரைவிலேயே மருத்துவக் கல்விக்கு மாறி, 1844-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

1846 ஜூலையில் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் மகப்பேறு பிரிவில், பேராசிரியர் யோஹான் கிளைனுக்கு உதவி மருத்துவராகப் பொறுப்பேற்றார். நாள்தோறும் கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பது, கடினமான பிரசவங்களைக் கவனிப்பது, மாணவர்களுக்குக் கற்பிப்பது, பதிவேடுகளைப் பேணுவது ஆகியவை அவருடைய பணிகள். அந்தப் பதிவேடுகளே அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றின.

ஒரே மருத்துவமனை, இரண்டு பிரிவுகள்

வியன்னா பொது மருத்துவமனைக்குப் பிரசவத்துக்காக வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அதற்கு ஈடாக, மாணவர்கள் பயிற்சி பெற அவர்கள் இசைய வேண்டியிருந்தது. அங்கே இரண்டு மகப்பேறு பிரிவுகள் இயங்கின. 1840 முதல், முதல் பிரிவில் மருத்துவ மாணவர்களும் இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்களும் கற்றனர். எந்தப் பிரிவில் சேர்வது என்பதை, வந்து சேரும் நாளே தீர்மானித்தது.

இரு பிரிவுகளிலும் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் இறந்தனர். பிரசவம் முடிந்த சில நாள்களில் கடுங்காய்ச்சலும் வயிற்று வலியும் தோன்றி, குருதி நச்சுப்பட்டு உயிரைப் பறிக்கும் நோய் அது. ஆனால் இறந்தோரின் எண்ணிக்கை இரு பிரிவுகளிலும் ஒன்றுபோல் இல்லை. 1846-ஆம் ஆண்டில் முதல் பிரிவில் 4,010 பிரசவங்களுக்கு 459 தாய்மார்கள் இறந்தனர். நூற்றுக்குப் பதினொருவருக்கும் மேல். அதே ஆண்டில் இரண்டாம் பிரிவில் 3,754 பிரசவங்களுக்கு 105 பேர் இறந்தனர். நூற்றுக்கு மூவருக்கும் குறைவு.

இந்த வேறுபாட்டைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. நகரத்துப் பெண்கள் அனைவரும் அதை அறிந்திருந்தனர். முதல் பிரிவின் முறை நாளில் வந்துவிட்ட கர்ப்பிணிகள், தங்களை அங்கே சேர்க்க வேண்டாம் என்று மண்டியிட்டுக் கெஞ்சினர். மருத்துவமனைக்கு வரும் வழியில், தெருவிலேயே பிள்ளை பெற்று வந்தவர்களில்கூட முதல் பிரிவில் பிரசவித்தவர்களைவிடக் குறைவானவர்களே இறந்தனர். நோயாளிகள் சரியாகவே கண்டிருந்தனர். அவர்கள் சொன்னதைச் சான்றாக எடுத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

காரணத்தைத் தேடிய விதம்

காற்றிலும் பருவத்திலும் பரவும் ஒரு தீய தன்மையே இந்நோய்க்குக் காரணம் என்பது அன்றைய பொதுவான மருத்துவக் கருத்து. ஒரே கட்டிட வளாகத்தில், ஒரே காற்றைச் சுவாசிக்கும் இரண்டு பிரிவுகளில் இறப்பு ஏன் மாறுபட வேண்டும் என்று செம்மல்வைஸ் கேட்டார். கூட்ட நெரிசல் காரணமா என்று பார்த்தார். பெண்கள் விரும்பி நாடியதால் இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம். பிரசவ நேரத்தில் படுக்க வைக்கும் முறையை மாற்றினார், பயனில்லை. இறக்கும் நிலையில் இருப்பவருக்காக மணி ஒலிக்க வார்டின் வழியே செல்லும் பாதிரியாரைக் கண்டு தாய்மார்கள் அஞ்சுவதால் நோய் வருகிறதோ என்று ஐயுற்று, அவர் செல்லும் வழியையும் மாற்றச் செய்தார், அதிலும் பயனில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பரும் சட்டம் சார்ந்த மருத்துவப் பேராசிரியருமான யாக்கோப் கொலெட்ஷ்கா இறந்தார். பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டு, அந்தக் காயத்தின் வழியே நோய் உடலெங்கும் பரவியிருந்தது. அவருடைய பரிசோதனை அறிக்கையைப் படித்த செம்மல்வைஸ், பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடலில் கண்ட அதே மாற்றங்களை அதில் கண்டார்.

விடை அங்கேயே இருந்தது. முதல் பிரிவின் மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிரேதப் பரிசோதனை செய்துவிட்டு, நேரே வார்டுக்கு வந்து கர்ப்பிணிகளைப் பரிசோதித்தனர். சோப்பினால் கழுவிய பின்னும் அவர்கள் கைகளில் பிணவாடை நீங்குவதில்லை. மருத்துவச்சிகள் பிரேதப் பரிசோதனை செய்வதில்லை. அந்த மருத்துவமனையின் பழைய வரலாறும் இதற்குப் பொருந்தியது. கிளைனுக்கு முன் பொறுப்பில் இருந்த பேராசிரியர் போயர், பிணங்களைப் பயன்படுத்தாமல் பொம்மை உருவத்தைக் கொண்டே மாணவர்களுக்குக் கற்பித்தார். அவர் காலத்தில் இறந்தோர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர்.

இந்த முடிவின் கடுமையை எண்ணிப் பாருங்கள். நோயைக் கொண்டுவந்தது காற்று அன்று. குணப்படுத்த வந்தவர்களின் கை. அவற்றுள் தம் கைகளும் அடங்கும் என்பதைச் செம்மல்வைஸ் மறைக்கவில்லை.

ஒரு பாத்திரம் நிறைய நீர்

1847 மே மாதத்தின் நடுவில், வார்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த நீரில் கைகளைக் கழுவ வேண்டும் என்று அவர் விதித்தார். பின்னர் விலை குறைந்த குளோரினேற்றிய சுண்ணாம்பைப் பயன்படுத்தினார். நாம் பிளீச்சிங் பவுடர் என்று அறிந்துள்ள பொருள்தான் அது. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்த பிரிவில், ஜூன் மாதத்தில் ஏறத்தாழ இரண்டு பேரே இறந்தனர்.

அவ்வாண்டு அக்டோபரில் அவர் மற்றொன்றையும் கற்றார். கருப்பைப் புற்றுநோயால் சீழ் வடிந்த ஒரு பெண்ணை முதலில் பரிசோதித்த மருத்துவர்கள், அடுத்தடுத்த படுக்கைகளுக்குச் செல்லுமுன் சோப்பினால் மட்டுமே கை கழுவினர். அப்போது பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தனர். எனவே பிணத்திலிருந்து மட்டுமன்றி, உயிரோடிருக்கும் நோயாளியிடமிருந்தும் இந்நோய் கையேறிச் செல்லும் என்று அறிந்து, ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் குளோரின் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார்.

1848-ஆம் ஆண்டு முழுவதற்குமான கணக்கு இது: முதல் பிரிவில் 3,556 பிரசவங்கள், 45 இறப்புகள், இரண்டாம் பிரிவில் 3,319 பிரசவங்கள், 43 இறப்புகள். இரு பிரிவுகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு மறைந்தது. அவ்வாண்டு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் முதல் பிரிவில் ஒரு தாய்கூட இந்நோயால் இறக்கவில்லை.

கேட்க மறுத்தவர்களும் துணை நின்றவர்களும்

இத்தகைய கணக்கைக் கண்டபின் மருத்துவமனை அவரைக் கொண்டாடியிருக்கும் என்று நீங்கள் எண்ணக்கூடும். நடந்தது வேறு. கிருமிகளைப் பற்றிய அறிவு அப்போது இல்லாததால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் கையில் ஒட்டிவந்து உயிரைப் பறிக்கும் என்பதைப் பலரால் ஏற்க முடியவில்லை. இன்னொரு தடையும் இருந்தது. அவர் சொல்வது உண்மையென்றால், நெடுங்காலமாக நிகழ்ந்த இறப்புகளுக்கு மருத்துவர்களே காரணம் என்றாகும். பிரிவின் தலைவரான கிளைன் உதவியாளரின் முடிவை ஏற்கவில்லை.

துணை நின்றவர்கள் இல்லாமலில்லை. தோல்நோய் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா, 1847 டிசம்பரிலும் 1848 ஏப்ரலிலும் இந்தக் கண்டுபிடிப்பை மருத்துவ இதழில் அறிவித்தார். புகழ்பெற்ற மருத்துவர்களான யோசெஃப் ஸ்கோடாவும் கார்ல் ரோகிடான்ஸ்கியும் ஆதரித்தனர். முதல் பிரிவில் நடந்ததை ஆராய ஒரு குழு அமைக்க வேண்டும் என்று ஸ்கோடா முன்மொழிந்தார். கிளைன் எதிர்த்தார், அந்தக் குழு தன் பணியைச் செய்யவே இல்லை. செம்மல்வைஸின் கூற்று சரியா தவறா என்று சார்பின்றிச் சோதித்துப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அதனுடன் போயிற்று.

1849 மார்ச்சில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவருக்கு நீட்டிப்பு வழங்கப்பட்டிருந்தது, இவருக்கு மறுக்கப்பட்டது. பின்னர் கற்பிக்கும் உரிமை கோரி விண்ணப்பித்தபோது, பொம்மை உருவத்தைக் கொண்டு மட்டுமே கற்பிக்கலாம் என்ற வரம்புடன் 1850 அக்டோபரில் அனுமதி வந்தது. சில நாள்களிலேயே, துணை நின்ற நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் வியன்னாவை விட்டு அவர் வெளியேறினார்.

செம்மல்வைஸிடமும் குறை இருந்தது. நண்பர்கள் வற்புறுத்தியும் தம் கண்டுபிடிப்பை அவர் நெடுங்காலம் எழுதி வெளியிடவில்லை. அதனால் பிற நாட்டு மருத்துவர்கள் அதை அரைகுறையாகவே அறிந்தனர். ஆனால் குறையைச் சுட்டிக்காட்டுபவர் இனிமையாகப் பேசுபவராகவும் தேர்ந்த எழுத்தாளராகவும் இருந்தால்தான் அவர் சொல் கேட்கப்படும் என்றால், அந்த விலையைக் கொடுப்பவர் நோயாளியே.

பெஸ்ட் நகரில் பணியும் இறுதி ஆண்டுகளும்

தாயகம் திரும்பிய அவர், 1851 முதல் பெஸ்ட் நகரின் தூய ரோகஸ் மருத்துவமனையில் மகப்பேறு பிரிவை ஊதியமின்றிக் கவனித்தார். அடுத்த ஆறு ஆண்டுகளில் அங்கே நிகழ்ந்த 933 பிரசவங்களில் பிரசவக் காய்ச்சலால் இறந்தவர்கள் 8 பேர் மட்டுமே. 1855-இல் பெஸ்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கே இறப்பு கூடியபோது, சரியாகத் துவைக்கப்படாத படுக்கை விரிப்புகளே காரணம் என்று கண்டறிந்தார். கையைப் போலவே துணியும் நோயைச் சுமக்கும் என்பது இதனால் தெளிந்தது.

1857-இல் மரியா வைடன்ஹோஃபரை மணந்தார். தம் ஆய்வு முழுவதையும் திரட்டி எழுதிய நூலை 1861-ஆம் ஆண்டைத் தாங்கிய பதிப்பாக வெளியிட்டார். ஐரோப்பிய மகப்பேறு மருத்துவர்கள் பலர் அதைப் புறக்கணித்தனர். அதன்பின் அவர் எழுதிய திறந்த மடல்களில், கை கழுவ மறுக்கும் பேராசிரியர்களைக் கொலைக்காரர்கள் என்றே சாடினார். தாய்மார்கள் இறந்துகொண்டிருப்பதை அறிந்தும் பத்தாண்டுகளுக்கு மேல் கேட்பாரின்றி இருந்த ஒருவரின் கோபம் அது. அந்தக் கோபம் அவரிடமிருந்து மேலும் பலரை விலக்கியது.

1865-இல் அவருடைய மனநிலையும் நடத்தையும் வெகுவாக மாறின. அவ்வாண்டு ஜூலை இறுதியில் வியன்னாவில் உள்ள மனநலக் காப்பகம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். இரண்டு வாரங்களில், ஆகஸ்ட் 13 அன்று, காயத்தின் வழியே குருதியில் நச்சுப் பரவி இறந்தார். அவருக்கு வயது 47. அவர் வாழ்நாள் முழுவதும் எந்த நோயைத் தடுக்கப் போராடினாரோ, அதே வகையைச் சேர்ந்த நோயே அவர் உயிரையும் பறித்தது.

அதற்கு முந்தைய நாள்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசஃப் லிஸ்டர், முறிந்த காலில் இருந்த காயத்துக்குக் கார்பாலிக் அமிலம் இட்டுச் சீழ்பிடிக்காமல் காக்கும் முறையைக் கையாண்டிருந்தார். 1879-இல் பிரான்சின் லூயி பாஸ்டர் பிரசவக் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியை எடுத்துக்காட்டினார். செம்மல்வைஸ் சொன்னது சரியென்று உலகம் ஏற்றது. புடாபெஸ்ட்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருக்குக் கிடைக்காத ஆதரவு எது?

செம்மல்வைஸ் உண்மையைக் கண்டார், சான்றையும் திரட்டினார், துணிந்தும் சொன்னார். இவை மூன்றும் போதவில்லை. அவர் வெளியேறிய பிறகு, 1854-இல், வியன்னாவின் முதல் பிரிவில் இறப்பு விகிதம் பழைய நிலையை மீண்டும் நெருங்கியது. ஒரு மருத்துவமனை குறையைச் சுட்டும் பணியாளரை இழக்கும்போது, அவர் காத்துவந்த நோயாளிகளின் பாதுகாப்பையும் சேர்த்தே இழக்கிறது.

அவருக்குத் தேவைப்பட்டவை நான்கு. முதலாவது, தம் மேலதிகாரியைத் தாண்டியும் முறைப்படி குறையைப் பதிவு செய்யும் வழி. இரண்டாவது, சார்பற்ற ஆய்வு. மூன்றாவது, சொன்னதற்காகப் பணி பறிபோகாது என்ற உறுதி. நான்காவது, ஆய்வின் முடிவை அவருக்குத் தெரிவித்து, அவர் மனச்சுமையைப் பகிர்ந்துகொள்ளும் சக பணியாளர்கள். கடைசியாகச் சொன்னது மட்டுமே அவருக்கு ஓரளவு கிடைத்தது. இன்றைய மருத்துவமனைகளில் செயல்படும் நோய்த்தொற்றுத் தடுப்புக் குழுக்களும் தாய் இறப்பு ஆய்வுக் கூட்டங்களும், யாரைக் குற்றஞ்சாட்டலாம் என்பதைவிட எதை மாற்ற வேண்டும் என்பதைக் கேட்டால்தான் இந்நான்கும் நிறைவேறும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• உங்களைத் தொடுமுன் கைகளைத் தூய்மை செய்துவிட்டீர்களா என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ பணிவாகக் கேளுங்கள். அது அவமதிப்பு ஆகாது.

• ஊசி போடுமுன் செவிலியர் ஒருவர் நிறுத்தி, மருந்தின் அளவை மருத்துவரிடம் மீண்டும் உறுதி செய்தால், அதைத் தடுமாற்றம் என்றோ சண்டை என்றோ கருத வேண்டாம். அதற்காகும் சில நிமிடங்கள் உங்கள் பாதுகாப்புக்கானவை.

• பணியாளர் ஒருவர் உங்கள் நலனுக்காக ஒரு குறையைத் தெரிவித்தால், அவர் பெயரைப் பலர் முன்னிலையில் சொல்லியோ கைபேசியில் படம் பிடித்துப் பரப்பியோ அவரைச் சிக்கலில் ஆழ்த்தாதீர்கள். நீங்கள் நேரில் கண்டதை உங்கள் புகாராகவே அளியுங்கள்.

• புகாரைப் பணியிலிருக்கும் மருத்துவர், செவிலியர் கண்காணிப்பாளர் அல்லது நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். நாள், நேரம், வார்டு, நடந்தது ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள்.

• நன்றாகக் கவனித்த பணியாளரைப் பற்றியும் எழுதிக் கொடுங்கள். குறையைத் துணிந்து சொல்பவருக்கு நோயாளியின் நல்ல சொல் பெருந்துணையாகும்.

• நோயாளியின் உடனிருப்பவரும் தாயையும் குழந்தையையும் தொடுமுன் சோப்பு நீரால் குறைந்தது 20 விநாடிகள் கை கழுவ வேண்டும். பிளீச்சிங் பவுடர் தோலைப் புண்ணாக்கும்; வீட்டில் கை கழுவ அதைப் பயன்படுத்தக் கூடாது.

• பிரசவத்துக்குப் பின் காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள கசிவு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிரசவக் காய்ச்சல் இன்றும் மறைந்துவிடவில்லை. ஆனால் உரிய நேரத்தில் சிகிச்சை அளித்தால் குணப்படுத்தக்கூடியது.

முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சிய வியன்னா பெண்களும், அங்கே கை கழுவுங்கள் என்று கேட்டுக்கொண்ட மருத்துவரும் ஒரே குறையைத்தான் சுட்டினர். உங்கள் மருத்துவமனையில் ஒரு பணியாளர் குறையொன்றை எடுத்துச் சொன்னால், அவர் உங்கள் பக்கம் நின்றே பேசுகிறார் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.